இரண்டாவது பைக் சிறியதாக இருக்கட்டும்

சென்னையிலிருந்து பைக்கில் கொல்லிமலைக்குப் புறப்படுகிறவர் ஒரே பயணத்தில் மூன்று விதமான சாலைகளைப் பார்த்துவிடுகிறார். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று 350 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பயணத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. அங்கே அதிராமல், நேர்கோட்டில், மணிக்கணக்காக ஓடும் வண்டி வேண்டும். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எடை குறைந்த, கை அசைத்ததும் திரும்புகிற வண்டி வேண்டும். மேலே ஏறி, தார்ச்சாலையை விட்டு மிளகுத் தோட்டங்களுக்குள் பிரியும் மண் பாதையில் இறங்கினால் உயரமான, நீண்ட சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) கொண்ட வண்டி வேண்டும். இந்த மூன்றிலும் முதலிடம் வாங்கும் ஒரே பைக்கை இதுவரை யாரும் செய்ததில்லை. கம்பெனிகளுக்கு அக்கறை இல்லாததால் அல்ல. ஒன்றுக்கு ஏற்ற அளவு மற்றதற்குப் பொருந்தாது என்பதால்.

அப்படியானால் ஆளுக்கு மூன்று பைக் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் இன்று நிறையப் பேர். தவணைக் கடன் எளிதாகிவிட்டது. ஷோரூம்களில் ஒவ்வொரு வகைச் சவாரிக்கும் ஒரு வண்டி நிற்கிறது. என் கணக்கு வேறு. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒரு பைக் போதும். இரண்டாவது தேவை என்றால் அது முதலாவதைவிடச் சிறியதாகவும் மலிவானதாகவும் இருக்க வேண்டும். வழக்கத்தில் நடப்பது நேர் எதிரானது. வீட்டில் நிற்கும் 100 சிசி வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு 350 வாங்குகிறார்கள். அது அலுத்ததும் பக்கத்தில் 450 அல்லது 650 வந்து நிற்கிறது. கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வர வண்டி இல்லை.

ஒன்றே எல்லாமாக இருந்த காலம்

எத்தனை பைக் என்ற கேள்வியே நம் ஊருக்குப் புதியது. மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. மைசூரில் 1961இல் ஜாவா வந்தது. அதுவே பின்னால் யெஸ்டி ஆயிற்று. வடக்கே எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத்தைக் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து வாங்கிய வண்டி அது. அதில்தான் அலுவலகம் போனார்கள், வயலுக்கு உர மூட்டை ஏற்றினார்கள், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போனார்கள். சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் தெருவில் ஓடிய அதே ரக வண்டிகள் சைலன்சரைக் கழற்றிக்கொண்டு சீறின.

1984 முதல் 1986 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஜப்பானிய 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ். எடை குறைந்தது, பெட்ரோல் செலவு குறைந்தது. ஆனால் “ஒன்றே எல்லாவற்றுக்கும்” என்ற நிலை மாறவில்லை. கல்லூரி மாணவருக்கு ஆர்எக்ஸ் 100தான் பந்தய வண்டி, அவருடைய அப்பாவுக்கு அதுவே அலுவலக வண்டி.

வெளிநாடுகளிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஹோண்டா 1969இல் கொண்டுவந்த சிபி 750 அன்றைய நிலவரப்படி எல்லாமும் செய்யும் வண்டி. நிமிர்ந்த கைப்பிடி, தட்டையான சீட், நான்கு சிலிண்டர். பயணப் பெட்டி மாட்டினால் நெடுந்தூர வண்டி, கைப்பிடியைத் தாழ்த்தினால் பந்தய வண்டி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த ஒற்றை வண்டி பல கிளைகளாகப் பிரிந்தது. பந்தயச் சாயல் கொண்டவை ஒரு பக்கம், சாய்ந்து உட்காரும் குரூசர்கள் ஒரு பக்கம், கனமான நெடுந்தூர வண்டிகள் இன்னொரு பக்கம். பிரிந்ததை மறுபடி ஒட்டவைத்த முயற்சி பிஎம்டபிள்யூ 1980இல் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ். காட்டுப் பாதையிலும் சாலையிலும் ஒரே வண்டி ஓடும் என்று சொல்லி விற்றார்கள். மறு ஆண்டே பாரிஸ்–டக்கார் பந்தயத்தையும் வென்றது. இன்று ‘அட்வெஞ்சர்’ என்று ஷோரூமில் நிற்கும் வண்டிகள் எல்லாம் அதன் வாரிசுகள். பிரித்தவர்களே சேர்த்தும் விற்றார்கள் என்பதை வாங்குகிறவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இந்தப் பிரிவு தாமதமாக, ஆனால் வேகமாக நடந்தது. 2001இல் பல்சர், 2008இல் ஆர்15, 2012இல் டியூக் 200, 2016இல் ஹிமாலயன், 2019இல் எக்ஸ்பல்ஸ்; கடைசி இரண்டும் மண் பாதைக்கும் ஏற்றவை. இருபது ஆண்டுகளுக்குள் ‘பைக்’ என்ற ஒரு பொருள் ஐந்தாறு பொருள்களாகிவிட்டது.

ஏன் ஒரே வண்டியால் முடியாது

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், முன்சக்கரம் எத்தனை அங்குலம் என்ற மூன்றும் வண்டியின் குணத்தில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன. இன்ஜின் அதற்குப் பிறகுதான். ஃபோர்க் செங்குத்துக்கு நெருக்கமாக, 24 டிகிரிக்குள் சாய்ந்து, சக்கரங்கள் கிட்டக்கிட்ட இருந்தால் வண்டி சட்டென்று திரும்பும். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310இல் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1,365 மில்லிமீட்டர்தான். ஹிமாலயன் 450இல் அது 1,510; ஃபோர்க்கும் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. கல்லில் ஏறினாலும் குழியில் விழுந்தாலும் நேராகப் போக வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. அதே காரணத்தால் கொண்டை ஊசியில் கொஞ்சம் கூடுதலாக வற்புறுத்தினால்தான் திரும்பும்.

சக்கரமும் அப்படியே. ஹிமாலயனிலும் எக்ஸ்பல்ஸிலும் முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய வட்டம் கல்லின் மேல் சுலபமாக ஏறும். 17 அங்குலச் சக்கரம் அதே கல்லில் முட்டி அடி வாங்கும். ஆனால் தார்ச்சாலை வளைவில் 17 அங்குலச் சக்கரத்துக்குக் கிடைக்கும் அகலமான, பிடிப்புள்ள டயர்கள் 21க்குக் கிடைப்பதில்லை. சுழலும் பெரிய சக்கரம் தன் போக்கை மாற்ற மறுப்பதும் சேர்ந்துகொள்கிறது.

உயரம்தான் நம் ஊர்க்காரர்களை நேரடியாகத் தொடும் விஷயம். மண் பாதைக்கு 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் ஆட்டம் வேண்டும், அடியில் 230 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் சீட் மேலே போய்த்தான் ஆக வேண்டும். ஹிமாலயன் 450இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் உள்கால் அளவு ஏறத்தாழ 76 சென்டிமீட்டர்தான் இருக்கும். அவர் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் சற்று அமுங்கும், பூட்ஸின் தடிமனும் உதவும். ஆனாலும் இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படாது.

சமதரையில் இது பெரிய தொல்லை இல்லை. கொல்லிமலையில் ஏறும்போது கொண்டை ஊசி வளைவின் நடுவில் எதிரே பஸ் வருகிறது என்று வையுங்கள். பஸ் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும். நீங்கள் நின்றாக வேண்டும். சாலை இடப்புறமாகத் தாழ்ந்து சரிகிறது. நின்றதும் இடது காலை ஊன்றுகிறீர்கள். தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லை, நாலு விரற்கடை கீழே இருக்கிறது. அந்த நாலு விரற்கடை சாய்வுக்குள் ஹிமாலயனின் 196 கிலோ எடை தன் வேலையைக் காட்டிவிடும். விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு முறை இருக்கிறது. கியரில் விட்டு, முதுகை சீட்டின் பக்கம் காட்டி, குந்தி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மற்றது கேரியரிலுமாகப் பிடித்து, தொடை பலத்தால் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். கையால் இழுத்தால் இடுப்பு போய்விடும். அதே இடத்தில் 765 மில்லிமீட்டர் சீட் உயரமுள்ள குரூசரான மீட்டியார் 350 இருந்தால், எடை 191 கிலோவாக இருந்தும், கால் தரையைத் தொட்டிருக்கும். மண் பாதைக்குள் அந்த மீட்டியார் போனால் அடிப்பாகம் கல்லில் உரசும். அது அடுத்த சங்கடம்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் காற்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காற்றைத் தள்ளத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு திறன் செலவாகும். 8 குதிரைத்திறன் உள்ள ஸ்பிளெண்டர் 60இல் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடுவதும், 90இல் கதறுவதும் இதனால்தான். 40 குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு 100 என்பது பாதிக்கும் குறைவான உழைப்பு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நம் நாட்டில் பெரிய பைக் அதன் முழு வேகத்தில் ஓடக்கூடிய சாலைகளுக்குள் பைக்கை விடுவதே குறைந்துவருகிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

ஓடினால் ஆகும் செலவு, நின்றால் ஆகும் செலவு

பைக்கின் செலவில் இரண்டு வகை உண்டு. பெட்ரோல், டயர் தேய்மானம், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட் ஆகியவை ஓடினால் ஆகும் செலவு. இன்சூரன்ஸ், பேட்டரி, வருடாந்தர சர்வீஸ், நிறுத்தும் இடம் ஆகியவை நின்றாலும் ஆகும் செலவு. ஒருவர் ஓராண்டில் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்றால், ஒரு பைக்கில் ஓட்டினாலும் மூன்று பைக்கில் பிரித்து ஓட்டினாலும் முதல் வகைச் செலவு அதிகம் மாறாது. இரண்டாவது வகை மும்மடங்காகும். ஆயில் மாற்றுவதற்குக் கையேட்டில் “இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது” என்று இருக்கும். ஒரே பைக்காக இருந்தால் கிலோமீட்டர் முந்தும். மூன்றாக இருந்தால் மூன்றிலும் மாதம் முந்தும். பாதிகூட உழைக்காத ஆயிலை மூன்று தடவை கொட்டுவீர்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 2022இல் அறிவித்த கட்டணப்படி ஓராண்டுக்கு 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 150 முதல் 350 வரை 1,366 ரூபாய், 350க்கு மேல் 2,804 ரூபாய், வரி தனி. ஒரு 100, ஒரு 349, ஒரு 452 என்று வைத்திருப்பவர் ஓர் அங்குலம் ஓட்டாவிட்டாலும் 4,884 ரூபாய் கட்ட வேண்டும். புதிதாக வாங்கும்போது ஐந்து ஆண்டுக்கு மொத்தமாக வாங்கிவிடுவார்கள் என்பதால் பலருக்கு இது உறைப்பதில்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், வண்டிக்கு ஒன்று வேண்டாம். இரண்டாவது பைக் வாங்கும்போது இதைக் கேட்டால்தான் கழிப்பார்கள். கேட்காவிட்டால் பில்லில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

350 என்ற எண்ணுக்கு இன்னொரு மகிமையும் சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40 ஆனது. ஒன்று வைத்திருப்பதா பல வைத்திருப்பதா என்ற கணக்கை இது நேரடியாகப் பாதிக்கிறது. எல்லாவற்றையும் செய்யும் பெரிய ஒற்றை வண்டி என்பது பெரும்பாலும் 390 முதல் 650 சிசிக்குள்தான் இருக்கிறது. அதன் மீதுதான் வரி ஏறியிருக்கிறது.

பணத்தைவிட மோசமானது, நிற்கும் வண்டி கெட்டுப்போவது. அணைத்து வைத்த பைக்கும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் எல்லாம் சேர்த்து 3 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 72 மில்லி ஆம்பியர் மணி. 8 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் காலி. திருட்டு எச்சரிக்கைக் கருவியோ ஜிபிஎஸ்ஸோ பொருத்தியிருந்தால் அதற்கும் முன்பே. பேட்டரி தானாகவே இறங்குவது தனிக் கணக்கு, நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகம். முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் அளவில் நிற்கும் ஈய அமிலப் பேட்டரி 12.4க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. “போன மாதம்தான் நன்றாக ஸ்டார்ட் ஆனது” என்று மெக்கானிக்கிடம் சொல்லும் ஒவ்வொருவரின் கதையும் இதுதான்.

பெட்ரோலும் இப்போது முன்புபோல் இல்லை. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்திய வண்டியில் அந்த ஈரம் டேங்க்கின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியாக இருந்தால் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் காய்ந்து, பிசின்போலச் சிறு துளைகளை அடைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் வார்த்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். எலியை மறந்துவிட்டேன் பாருங்கள். அசையாமல் நிற்கும் பைக்கின் ஏர் ஃபில்டர் பெட்டியில் குடித்தனம் வைத்து, போகிற போக்கில் ஒயரையும் கடித்துவிட்டுப் போகும். மூன்று வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதைச் சொல்லாதவர்கள் குறைவு.

சிறியது ஏன் சரி

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அது சைலன்சர் வழியே போய்விடும். இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய் அணைத்துவிட்டால் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து நீராகும். சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும், ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேரும். பெரிய இன்ஜினில் உலோகமும் அதிகம், ஆயிலும் அதிகம், குளிரூட்டியும் உண்டு. அது சூடேற நேரம் எடுக்கும். ஆக, பெரிய பைக்கைச் சீரழிக்க வேண்டுமானால் லடாக்குக்குப் போக வேண்டியதில்லை. தினமும் காலையில் பால் வாங்கப் போனால் போதும்.

நகர நெரிசலில் இது வேறு வடிவம் எடுக்கும். மே மாதத்து அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் 400 சிசி வண்டியின் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்வது ஓட்டுபவரின் முழங்கால். கிளட்ச் கனம், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைய அகலம் இடம் கொடுக்காது. அதே சாலையில் 112 கிலோ ஸ்பிளெண்டர் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டு எதையும் கண்டுகொள்ளாமல் போகும். பெட்டிக்கடை வாசலில் சாவியோடு விட்டாலும் மனம் பதறாது. கீறல் விழுந்தால் கவலை இல்லை. எந்தத் தெருமுனையிலும் உதிரிபாகம் கிடைக்கும்.

இரண்டாவது வண்டி இந்த வேலையை ஏற்றுக்கொண்டால் முதலாவது வண்டிக்கு ஆயுள் கூடும். இரண்டும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓடும், அதனால் இரண்டும் நின்று கெடாது. பெரியதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரியதை வாங்கினால் இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டி போடும். ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது.

பல வீடுகளில் இந்த இரண்டாவது வண்டி ஏற்கெனவே இருக்கிறது. மனைவியின் ஸ்கூட்டரோ அப்பாவின் எக்ஸ்எல்லோ கணக்கில் வருவதில்லை, ஏனென்றால் ‘என் பைக்’ என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. காய்கறிப் பையை முன்னால் வைக்க இடம் உள்ள வண்டிக்கு ஈடான நகர வண்டியை எந்தப் பைக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் இந்த இடத்துக்கு இன்னும் பொருத்தம். குளிர்ந்த இன்ஜின் என்ற பிரச்சினையே அவற்றுக்கு இல்லை.

அப்படியானால் அந்த முதல் வண்டி, பெரியது, எப்படி இருக்க வேண்டும்? உங்கள் ஓட்டத்தில் அதிகமான கிலோமீட்டர் எங்கே போகிறதோ அதற்கு ஏற்றதாக. கனவில் ஓட்டும் சாலைக்கு ஏற்றதாக அல்ல. ஆண்டுக்கு ஒரு நாள் மண் பாதையில் இறங்குகிறவர் அந்த ஒரு நாளுக்காக 825 மில்லிமீட்டர் சீட்டில் மற்ற நாள்களைக் கழிக்க வேண்டியதில்லை. குறையை ஓரளவு டயரும் பல்சக்கரமும் ஈடுகட்டும். பாதி மண், பாதி தார் என்று வடிவமைத்த டயரை மாட்டினால் சாதாரணச் சாலை வண்டியும் ஜவ்வாதுமலைக் கிராமச் சாலைகளில் தைரியமாகப் போகும். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏழு சதவீதம் கூடும். மலையேற்றத்தில் கியர் மாற்றுவது குறையும், நெடுஞ்சாலையில் இன்ஜின் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும். இன்னொரு பைக்கின் விலையோடு ஒப்பிட்டால் இவை சில்லறைச் செலவு. கொல்லிமலையில் வாழ்பவர்கள் 100 சிசி வண்டியில் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு அந்த 70 வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறார்கள் என்பதையும் அட்வெஞ்சர் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்து வரலாம்.

தனி வண்டி வேண்டிய இடங்கள்

விதிவிலக்குகள் உண்டு. பந்தயத் தடம் முதலாவது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ அடிக்கடி ஓட்டுபவருக்குத் தனி வண்டி அவசியம். தடத்தில் விழுவது விபத்தல்ல, பாடத்திட்டத்தின் பகுதி. சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டிய வண்டியை, கடன் தவணை மிச்சமிருக்கும் வண்டியை, ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோகிறவர் பாதி வேகத்தில்தான் ஓட்டுவார், கற்றுக்கொள்ளவும் மாட்டார். பழைய வண்டி ஒன்றை வாங்கி, விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தடத்துக்கென்றே வைத்துக்கொள்வதுதான் முறை. சேற்றிலும் குன்றிலும் தாவிக் குதிக்கும் சவாரிக்கும் இதே நியாயம் பொருந்தும். அதற்கென்றே விற்கும் சில வண்டிகளைச் சாலையில் ஓட்டப் பதிவே செய்ய முடியாது.

பழைய வண்டிப் பிரியர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆர்எக்ஸ் 100ஐயோ யெஸ்டியையோ வைத்திருப்பவர் அதைப் பயன்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமும் சேர்க்க வேண்டாம்.

பல வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது. அது கைகால் பழக்கம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதை ஓட்டிவிட்டுப் புதிய வண்டியில் ஏறுகிறவர் முதல் சில கிலோமீட்டர் யோசித்து ஓட்டுவார், பிறகு மறந்துவிடுவார். குறுக்கே நாய் ஓடும்போது கால் பழைய பழக்கத்துக்குப் போகும், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்குப் பழகிய கை டிரம் பிரேக் வண்டியில் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். சிறிய வண்டிகளிலும் பழைய வண்டிகளிலும் பெரும்பாலும் இருக்காது. கியர்கூட அப்படித்தான். சில 100 சிசி வண்டிகளில் நான்கும் ஒரே திசையில் விழும். பெரிய வண்டிகளில் முதலாவது கீழே, மற்றவை மேலே. சிறிய வண்டியைத் தினமும் ஓட்டுகிறவருக்கு, மாதம் ஒருமுறை எடுக்கும் பெரிய வண்டியில் முதல் அரை மணி நேரம் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

எப்போதாவது ஒருமுறை செய்யும் பயணத்துக்கு வண்டியை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது சுலபம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான வாடகை வண்டி. வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி செல்லாது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். லடாக் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மணாலியில் எடுத்த வாடகை பைக்கில் லேயைச் சுற்றியுள்ள இடங்களுக்குப் போக அங்குள்ள வாடகை வண்டிச் சங்கத்தார் விடமாட்டார்கள். லேயில் இன்னொன்று எடுக்க வேண்டும். சொந்த வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு ரயில் பார்சல் இருக்கிறது. ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோய், சாக்குத் துணி சுற்றிக் கட்டி, டேங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்துவிட்டுத்தான் பதிவு செய்வார்கள். இறங்கும் ஸ்டேஷனில் வண்டி கைக்கு வந்ததும் பக்கத்தில் பங்க் எங்கே என்று விசாரித்துக்கொண்டு தள்ள வேண்டியதுதான். அதற்காகப் புறப்படும்போதே ஒரு காலி கேனைப் பையில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பங்க்கில் சில இடங்களில் கேனில் ஊற்ற மறுப்பார்கள் என்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது.